ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு டயர் மாற்றும்போது

சாதாரண காரில் முன்னால் இரண்டு டயர் தேய்ந்தால் அந்த இரண்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகலாம். ஃபோர் வீல் டிரைவில் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு டயரின் சுற்றளவு மாறினாலும் அதன் சுமை டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (முன், பின் அச்சுகளுக்கு இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) டிஃபரன்ஷியலிலும் (ஒரே அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) விழும்.

மஹிந்திரா தாரின் 255/65 ஆர்18 டயரையே எடுத்துக்கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 2,478 மி.மீ. பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) 1 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவில் 6.3 மி.மீ. குறையும். பின்னால் புது டயர், முன்னால் 5 மி.மீ. தேய்ந்தது என்றால் ஒரு சுற்றுக்கு 31 மி.மீ. வித்தியாசம், ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அது 12 மீட்டரைத் தாண்டிவிடும்.

தார், ஜிம்னி, ஃபார்ச்சூனர் போன்ற பார்ட்-டைம் வண்டிகளில் (வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுப்பவை) 2எச்-இல், அதாவது இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில், ஓட்டும்வரை இது பெரிய தொந்தரவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் பூட்டிக்கொள்ளும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த 12 மீட்டரைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த ரோட்டில் வழுக்க வழியில்லாததால் கியர்கள் இறுகி, லீவரை 2எச்-க்குத் திருப்புவதே கஷ்டமாகிவிடும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபுல்-டைம் வண்டியில் பாதிப்பு இன்னும் மோசம்: முன், பின் அச்சுகளை நடுவில் இணைக்கும் கப்ளிங் ஓயாமல் வேலை செய்து சூடாகி, கிளட்ச் பிளேட் கருகும்.

எனவே நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால், பார்ட்-டைம் வண்டிக்கு மட்டும் ஒரே அச்சில் ஜோடியாக மாற்றலாம். புது ஜோடி பின்னால் போகட்டும். ஃபுல்-டைமில் நான்குக்குமிடையே பட்டன் ஆழம் 1.5 மி.மீ.-க்கு மேல் வேறுபடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. துல்லியமான வரம்பு உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும்.

சட்டப்படி குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. மழையிலும் சேற்றிலும் ஓட்டுபவர்கள் 3 மி.மீ.-இலேயே மாற்றிவிட வேண்டும். அதற்குக் கீழே பட்டன் தண்ணீரைச் சரியாக வெளியேற்றாது. அளக்கும்போது உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றையும் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகியிருந்தால் அலைன்மென்ட் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

வாங்கும்போது அளவு, பிராண்ட், மாடல் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உண்மைச் சுற்றளவு மாறும். காற்றை ஒரே அளவுக்கு நிரப்பி, பட்டன் நடுவில் நூலைச் சுற்றி அளந்தால் தெரிந்துவிடும். பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களையும் படியுங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரத் தயாரிப்பு.

வீட்டில் கழற்றுவதானால், டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். நியூட்ரலில் இருந்தால் கியர் போட்டிருந்தாலும், ஆட்டோமேட்டிக்கில் ‘பி’யில் வைத்திருந்தாலும் வண்டி உருளும். ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள்.

ஹப் முகத்தில் (வீல் ஒட்டி உட்காரும் இடம்) துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். அது இருந்தால் வீல் ஒட்டி உட்காராது, பேலன்ஸ் செய்தும் ஸ்டீயரிங் ஆடும். ஸ்டட்டில் (நட்டு ஏறும் போல்ட்) கிரீஸ் வேண்டாம். நட்டுகளைக் கையால் ஏற்றி, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கி, கடைசி முறுக்கை டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) மேனுவலில் சொன்ன அளவுக்குக் கொடுங்கள். கடையில் ஏர் கன்னால் மட்டும் இறுக்கி முடிக்க விடாதீர்கள்: ஸ்டட் நீளும், நடுவழியில் பஞ்சரானால் கையால் கழற்றவும் வராது. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

ஸ்டெப்னியும் அதே அளவு என்றால் ஐந்தையும் 8,000 முதல் 10,000 கி.மீ.-க்கு ஒருமுறை சுழற்றுங்கள்: பின் இரண்டும் நேராக முன்னே, முன் வலது பின் இடதுக்கு, ஸ்டெப்னி பின் வலதுக்கு, முன் இடது ஸ்டெப்னி இடத்துக்கு. பக்கச் சுவரில் அம்புக்குறி உள்ள டயர்களை இப்படிக் குறுக்கே மாற்றக் கூடாது.