இரண்டு கையிலும் ஆயுதம்: கடற்கொள்ளையர் மினியேச்சர் சண்டைக்கு எளிய விதிமுறை

சின்ன ஆள் பொம்மைகளை நகர்த்திப் பகடை உருட்டிச் சண்டை பிடிக்கிற கடற்கொள்ளையர் மினியேச்சர் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெட்டியைத் திறந்ததும் எடுப்பது ஒரு கையில் வாளும் மறு கையில் துப்பாக்கியும் பிடித்து நிற்கிற ஆளைத்தான். எடுத்த கையோடு கேள்வியும் வரும்: "அண்ணை, இவனிட்ட ரெண்டு ஆயுதம் இருக்கு. ரெண்டு தரம் அடிக்கலாமா?"

அடிக்கக் கூடாது என்பதுதான் என் பதில். ஓர் அடி பலிக்க 100இல் 50 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தரம் அடிக்க விட்டால், ஒன்றாவது பலிக்கும் வாய்ப்பு 75 ஆகிவிடும். பிறகு ஒற்றை வாளோடு ஓர் ஆளைக் களத்தில் இறக்க எவருக்கும் மனம் வராது. எல்லோர் கையிலும் இரண்டு ஆயுதம் என்றால் அதில் என்ன சிறப்பு? இரண்டாவது ஆயுதம் வேறொரு வேலையைச் செய்ய வேண்டும், அதற்கு ஒரு விலையும் இருக்க வேண்டும். கிளிநொச்சியில் நாங்கள் விளையாடும் விதிமுறை அந்த எண்ணத்தில் கட்டியதுதான். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: தேவையான சாமான்

28 மில்லிமீற்றர் உயர ஆட்கள் பக்கத்துக்கு ஐந்தாறு பேர் போதும். வெளிநாட்டிலிருந்து வரும் மாமா, சித்தியிடம் சொல்லிவிட்டால் ஒரு பெட்டி வந்து சேரும். அதுவரை காத்திருக்க வேண்டாம். தடித்த மட்டையில் ஆள் வரைந்து வெட்டி, அடியில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டி நிமிர்த்தினாலும் விளையாட்டு அதேதான். லூடோ பெட்டியிலுள்ள ஆறுமுகப் பகடைகளில் இரண்டு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சிவப்பும் வெள்ளையும் என்று எழுதுகிறேன். அங்குலம் போட்ட அடிமட்டம் ஒன்று வேண்டும். கப்பல் தளத்துக்கு ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கி ஒட்டுங்கள், பாய்மரத்துக்குத் தென்னீர்க்கு இருக்கிறது.

ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் சண்டை விளையாட்டு என்றால் வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறும். அவர்கள் கண்டதைக் கண்டவர்களுக்கு மாறாமல் இருக்குமா? நாங்கள் 300 ஆண்டுகளுக்கு முந்திய பாய்க்கப்பல்களோடு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். விளையாடப் பாயை விரிக்க முன் வீட்டாருக்கு என்ன விளையாட்டு என்று காட்டிவிடுங்கள்.

படி 2: ஒற்றை ஆயுதச் சண்டை

இதைக் கைவரப்படுத்தாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். இரண்டு ஆட்கள் முட்டினால் இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டுங்கள். கூடிய எண் வெல்லும். சமன் என்றால் இருவரும் பிடித்த பிடியில் நிற்பார்கள், அடுத்த சுற்றில் மறுபடி உருட்டலாம். தோற்றவர் தன் உயிருக்காக இன்னொரு பகடை உருட்டுவார். 4, 5, 6 விழுந்தால் ஓர் அங்குலம் பின்வாங்கித் தப்புவார். 1, 2, 3 விழுந்தால் ஆள் சரிந்தார்.

இந்தச் சண்டையில் வெல்லவும் தோற்கவும் வாய்ப்பு ஒன்றே: 36 தரத்துக்கு 15. மிச்சம் 6 தரம் சமன்.

படி 3: வெள்ளைப் பகடை

இரண்டு ஆயுதக்காரர் சிவப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து உருட்டுவார். சிவப்பு வலக்கை, வெள்ளை இடக்கை. கூடிய எண் மட்டும் கணக்கு. வெல்லும் வாய்ப்பு 100இல் 42இலிருந்து 58க்கு ஏறும், தோற்கும் வாய்ப்பு 25 அளவுக்கு இறங்கும்.

'ஒரு பகடைக்கு ஒன்று கூட்டினாலும் அதே 58 வருமே' என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வரும். ஆனால் கூட்டல் விதியில் ஏற்கெனவே பலமான தலைவனுக்கு எண் மேலே மேலே ஏறி, எளிய மாலுமி அவனைத் தொடவே முடியாமல் போகும். இரண்டு பகடையிலோ 6க்கு மேல் எதுவும் இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, எந்தக் கை அடித்தது என்பதை நிறமே சொல்லிவிடுவது. வெள்ளை கூடியதாக இருந்து வென்றால், அடித்தது இடக்கை ஆயுதம். இரண்டும் ஒரே எண் என்றால் எந்தக் கை என்பதை உருட்டியவர் தேர்ந்தெடுக்கலாம்.

படி 4: எந்தச் சோடி என்ன செய்யும்

வாளும் கைத்துப்பாக்கியும்தான் இந்த விளையாட்டின் உயிர், வரலாற்றிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. 1720இல் ஜமைக்காவில் ஆன் பொனி, மேரி ரீட் என்ற இரு பெண்களின் வழக்கு நடந்தபோது, இருவரும் ஒரு கையில் வெட்டுக்கத்தியும் மறு கையில் துப்பாக்கியுமாக நின்றதாக ஒரு பெண் சாட்சி சொன்னார். 1718இல் அமெரிக்கக் கரையிலுள்ள ஒக்ரகோக் தீவருகே கொல்லப்பட்ட, கருந்தாடி என்று பேர்பெற்ற கொள்ளைத் தலைவர் எட்வேட் ரீச், சண்டைக்குப் போகும்போது மார்புப் பட்டியில் மூன்று சோடித் துப்பாக்கி தொங்கவிடுவார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை எதற்கு? அக்காலத் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிப்பது. ஒரு தரம் சுட்டால் மருந்தும் குண்டும் மறுபடி இடிக்க வேண்டும், கைகலப்புக்குள் அதற்கு நேரம் கிடையாது. கடற்காற்றில் மருந்து ஈரமானால் வெடிக்கவும் மாட்டாது.

ஆகவே விதி இது. துப்பாக்கிக்குரிய வெள்ளைப் பகடையை ஒரு சண்டையின் முதல் சுற்றில் மட்டும் உருட்டலாம். 1 விழுந்தால் கல் பொறி தட்டவில்லை. 1 எப்படியும் சிவப்பை மீறாது என்பதால் இதற்குத் தனி விதியும் வேண்டாம். வெள்ளை வென்றால் குண்டு பட்டது, எதிரி தப்ப 5 அல்லது 6 வேண்டும். என்ன விழுந்தாலும் துப்பாக்கி வெறுமை. அடுத்த சுற்றிலிருந்து அவர் ஒற்றை வாள்காரர்.

வாளும் கோடரியும் என்றால் எல்லாச் சுற்றிலும் இரண்டு பகடை. கோடரி வென்று எதிரி தப்பினாலும், அவருடைய இடக்கை ஆயுதம் கொழுவுப்பட்டுக் கீழே விழும்.

வாளும் குத்துவாளும் தற்காப்புக்கு. இவருக்கு ஒரு பகடைதான். ஆனால் ஒன்றாலோ இரண்டாலோ தோற்றால் அது தோல்வி அல்ல, சமன். குத்துவாள் தடுத்துவிட்டது. தோல்வி 36க்கு 15இலிருந்து 6 ஆகக் குறையும். பொறுமையாக ஒரு வாசலை மறித்து நிற்க இவரை விட ஆள் இல்லை.

இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவருக்கு முதல் சுற்றில் இரண்டு பகடை, பிறகு பிடியால் அடிக்க ஒரு பகடை, அதில் ஒன்று கழிக்கவும். இரண்டு வாள் சினிமாவில் அழகுதான், ஆனாலும் நான் அதைக் கப்பல் தலைவனுக்கு மட்டும் விடுவேன். இரண்டு பகடை, வேறு சலுகை இல்லை.

படி 5: விலை

இரண்டு கையும் நிறைந்தவர் கயிற்றில் ஏற முடியாது. கயிற்றில் தொங்கி மறு கப்பலுக்குத் தாவ முடியாது. புதையல் பெட்டி தூக்கவோ துடுப்புப் போடவோ முடியாது. ஓர் ஆயுதத்தை இடுப்பில் செருகவோ உருவவோ, அந்த முறைக்குரிய நகர்வை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்த விதியை இலகுவாக்காதீர்கள். மறு கப்பலில் குதிக்கிறவர் ஒற்றை வாளோடுதான் குதிப்பார், தளத்தில் நிற்பவர் இரண்டு ஆயுதத்தோடு காத்திருப்பார். தாக்கப் போகிறவர் முதலில் யாரை அனுப்புவது என்று யோசிப்பது அதனால்தான்.

படி 6: ஒரு சுற்றை உருட்டிப் பார்ப்போம்

தங்கச்சியின் ஆளிடம் வாளும் துப்பாக்கியும், தம்பியின் ஆளிடம் ஒற்றை வாள். தங்கச்சிக்குச் சிவப்பு 2, வெள்ளை 5. தம்பிக்கு 4. வெள்ளை வென்றது, குண்டு பட்டது. தம்பி தப்ப 5 அல்லது 6 வேண்டும். 4 விழுகிறது. ஒற்றை வாள் அடித்திருந்தால் தப்பியிருப்பார், குண்டென்பதால் ஆள் சரிந்தார். இதே உருட்டலில் தங்கச்சியிடம் கோடரி இருந்திருந்தால் தம்பியின் ஆள் ஓர் அங்குலம் பின்வாங்கி நின்றிருப்பார்.

ஒருவரைப் பலர் சூழ்ந்தால், கூட நிற்கும் ஒவ்வொரு தோழருக்கும் ஒரு பகடை கூடும். எப்படிக் கூட்டினாலும் மூன்றைத் தாண்டக் கூடாது.

படி 7: வெறுங்கைக்கு ஆயுதம்

உங்கள் ஆளின் இடக்கை வெறுமையாக இருந்தால் ஒரு குண்டூசி போதும். ஊசியின் நடுப்பகுதியை இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டையாக்குங்கள். 12 மில்லிமீற்றரில் நறுக்கினால் இந்த அளவு ஆளுக்குச் சரியான வெட்டுவாள், 6 என்றால் குத்துவாள். நறுக்கும்போது துண்டு கண்ணுக்குப் பாயும், விரலால் மூடிக்கொண்டு நறுக்குங்கள். துப்பாக்கி என்றால் தீக்குச்சியை 8 மில்லிமீற்றருக்குச் சீவி, பிடிப்பக்கத்தைச் சற்று வளைவாக விடுங்கள்.

இன்னொரு ஊசியைப் பிளையரால் பிடித்து மெழுகுதிரியில் காட்டி, பிளாஸ்டிக் கைமுட்டியில் ஒரு துளை போடுங்கள். புகை மூக்கில் ஏறாமல் யன்னலைத் திறந்து வையுங்கள், சின்னப் பிள்ளைகள் என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். துளைக்குள் ஒரு துளி சுப்பர் குளூ விட்டு வாளைச் செருகி, ஒட்டிப் பிடிக்கும்வரை அசையாமல் பிடியுங்கள். வாளின் நுனி உடம்புக்கு வெளியே சரிந்து நிற்கட்டும். நேர் முன்னே நீட்டினால் பக்கத்து ஆளோடு முட்டும்போது அடிப்பாகங்கள் ஒட்டி நிற்காது, அளவெடுக்கும்போது சச்சரவு வரும்.