ஏரியா மேட்சை வீடியோ எடுக்கக் கற்றுக்கொள்வது எப்படி: ஐந்து பேர், மூன்று போன், ஒரு நோட்டு

பெங்களூரில் அல்சூர், கௌதமபுரம், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கம் வளர்ந்தவர்களிடம் போய் ஃபுட்பாலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலையே இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல், இந்த ஊர் மைதானங்களில் ஆடிய சாரங்கபாணி ராமன் அடித்தது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஏரியா டோர்னமென்ட்டில் விழுந்த அருமையான கோலைக் காட்டச் சொன்னால், யாரோ செங்குத்தாகப் பிடித்த பன்னிரண்டு செகண்ட் துண்டுதான் கிடைக்கும். அதிலும் பாதி முன்னால் நின்றவரின் முதுகு.

இதைச் சரியாகச் செய்யக் கோர்ஸ் எதுவும் வேண்டாம். ஒரு டோர்னமென்ட் நடக்கிற கிரவுண்டும் ஐந்து பேரும் இருந்தால் அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

படி 1: ஆள் சேருங்கள்

இரண்டு பேர் கேமராவுக்கு, ஒருவர் நோட்டுக்கு, ஒருவர் கமென்ட்ரிக்கு, ஒருவர் எடிட்டிங்குக்கு. இந்த ஐவரில் ஒருவராவது பழைய ஆட்டக்காரராக இருக்கட்டும். கிரவுண்டு ஓரத்தில் தினமும் நின்று பையன்களைத் திட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவர் எல்லா ஏரியாவிலும் இருப்பார், அவரைப் பிடியுங்கள். அவருக்குப் போனில் ரெக்கார்ட் பட்டன் எங்கே என்று தெரியாமல் இருக்கலாம். பந்து அடுத்து எங்கே போகும் என்று தெரியும். நமக்கு அதுதான் வேண்டும்.

படி 2: அனுமதி

டோர்னமென்ட் நடத்துபவரிடமும் இரண்டு கோச்சிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்னப் பையன்கள், பெண் பிள்ளைகள் ஆடும் மேட்ச் என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். யாராவது வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள்.

படி 3: எங்கே நிற்பது

வீடியோ நன்றாக வருவதில் பாதி இங்கேயே முடிவாகிவிடும், அதனால் அவசரப்பட வேண்டாம். மெயின் கேமரா நடுக்கோட்டுக்கு நேராக, டச்லைனுக்கு வெளியே நிற்க வேண்டும். சாயங்கால மேட்ச் என்றால் கிரவுண்டின் மேற்குப் பக்கம், வெயில் உங்கள் முதுகில் விழும்படி. கிழக்கே நின்றால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் கறுப்பு நிழலாகத் தெரிவார்கள், ஜெர்சி நம்பரைப் படிக்கவே முடியாது.

அடுத்தது உயரம். தரையில் நின்று எடுத்தால் இருபத்திரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராக அடைந்து, யாருக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்றே புரியாது. பக்கத்து மொட்டை மாடி, காம்பவுண்டுப் படிக்கட்டு, ஓரமாக நிறுத்திய டாடா ஏஸின் பின்பக்கம் என்று எது கிடைத்தாலும் ஏறுங்கள். தரையிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் ஏறினாலே ஆட்டம் விரிந்து தெரியும்.

இரண்டாவது கேமரா ஒரு கோலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், பாதி முடிந்து அணிகள் பக்கம் மாறியதும் அடுத்த கோலுக்குப் போகலாம். ஆனால் அதுவும் மெயின் கேமரா இருக்கும் அதே பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு கோலையும் இணைத்து மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கோட்டை எந்தக் கேமராவும் தாண்டக் கூடாது. தாண்டினால், வலப்பக்கம் அட்டாக் பண்ணிக்கொண்டிருந்த டீம் அடுத்த ஷாட்டில் இடப்பக்கம் ஓடும். பார்ப்பவர்கள் சேம்சைடு கோல் என்றே நினைத்துவிடுவார்கள்.

படி 4: போன் செட்டிங்

போனைக் கிடைமட்டமாக டிரைபாடில் பூட்டுங்கள். 1080பி, செகண்டுக்கு 60 ஃப்ரேம் போதும். 4கே பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நினைவகம் தாங்காது. ஐபோனில் 1080பி 60 ஃப்ரேம் நிமிடத்துக்கு சுமார் 90 எம்பி பிடிக்கும், 45 நிமிட ஆட்டத்துக்கு 4 ஜிபி. 4கே 60 என்றால் நிமிடத்துக்கே 400 எம்பி.

கிரவுண்டின் நடுவில் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை ஜெர்சி குறுக்கே வரும்போதெல்லாம் படம் இருட்டும். இடைவேளையில் வெளிச்சம் மாறியிருக்கும், மறுபடி லாக் செய்ய வேண்டும். ஃப்ளைட் மோடு கட்டாயம். பெனால்ட்டி நேரத்தில்தான் வீட்டிலிருந்து போன் வரும்.

விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் என்றால் இன்னொரு சிக்கல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் வீடியோவில் மினுக்கும். ஷட்டரை நாமே வைக்கக்கூடிய கேமரா ஆப் இருந்தால் 1/100 வையுங்கள், மினுக்கல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

படி 5: பந்தைத் தொடர்வது

புதிதாக வருபவர்கள் பந்தைத் துரத்துவார்கள். பந்து திரையின் நடுவிலேயே இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு பிடிவாதம். வேண்டாம். பந்து போகும் திசையில் திரையில் அதிக இடம் விடுங்கள், பாஸ் வாங்கப்போகிறவன் முதலிலேயே உள்ளே தெரிய வேண்டும். தூங்கும் குழந்தையின் தொட்டிலை ஆட்டுகிற வேகத்தில் கேமராவைத் திருப்பினால் போதும். ஆட்டம் நடக்கும்போது ஜூமைத் தொடவே வேண்டாம்.

இங்கேதான் அண்ணன் வருகிறார். கேமராக்காரரின் தோளுக்குப் பக்கத்தில் அவரை உட்கார வையுங்கள். "ஏழாம் நம்பர் இப்போ உள்ளே வெட்டுவான் பாரு, ரைட்டுக்குத் திருப்பு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் பக்கத்தில் சில மேட்ச் உட்கார்ந்தாலே கை தானாகத் திரும்ப ஆரம்பிக்கும்.

கோல் விழுந்ததும் நீங்கள் குதிக்கக் கூடாது. இன்னும் பத்து செகண்ட் கேமரா அங்கேயே இருக்கட்டும். அடித்தவன் ஓடுவது, கீப்பர் தரையில் உட்காருவது எல்லாம் அந்தப் பத்து செகண்டில்தான் கிடைக்கும்.

படி 6: நோட்டு

என்னைக் கேட்டால் இந்த ஐந்து வேலையில் முதல் வேலை இதுதான், கேமரா அதற்கு அப்புறம். நோட்டு எழுதுபவர் கிக்-ஆஃபில் ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டு, நடப்பதையெல்லாம் ஒவ்வொரு வரியாக எழுத வேண்டும்:

07:20 சிவப்பு, 9, ஷாட், கீப்பர் பிடித்தார்
12:40 நீலம், 7, கோல் ***
13:05 நீலம் பெஞ்ச், கொண்டாட்டம்
21:15 ஃபவுல், வாக்குவாதம், வேண்டாம்

மூன்று நட்சத்திரம் என்றால் ஹைலைட்ஸில் கட்டாயம் வர வேண்டும். இந்தப் பக்கம் கையில் இல்லாவிட்டால், இரண்டு கேமராவின் ஒன்றரை மணி நேர வீடியோவை ஒருவர் உட்கார்ந்து முழுக்கப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஏரியா வீடியோக்கள் வெளியே வராமல் போனிலேயே கிடப்பது இதனால்தான். தவிர, நாலு மேட்ச் நோட்டு எழுதியவர் கேமரா பிடித்தால் எது முக்கியம் என்று சொல்லித்தர வேண்டியிருக்காது.

படி 7: சத்தம்

கமென்ட்ரியைத் தனி போனில், காலர் மைக்கில் பதிவு செய்யுங்கள். எந்த மொழி என்று கேட்பார்கள். கிரவுண்டில் தமிழும் கன்னடமும் தக்கனி உருதுவும் கலந்துதான் கத்துகிறார்கள், கமென்ட்ரியும் அப்படியே வரட்டும். டிவி குரலை யாரும் தேடவில்லை.

படி 8: எடிட்டிங்

அன்றைக்கு ராத்திரியே எல்லா ஃபைலையும் ஒரே லேப்டாப்பில் போட்டு, தேதி, டீம், கேமரா என்று பெயர் மாற்றுங்கள். இன்னொரு பிரதி ஹார்ட் டிஸ்கில் ஏறும்வரை போனில் அழிக்காதீர்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும், பழைய லேப்டாப் என்றால் ஷாட்கட்.

இரண்டு கேமராவையும் விசில் சத்தத்தை வைத்து ஒட்டாதீர்கள். சத்தம் செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு கேமரா இன்னொன்றைவிட விசிலுக்கு ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தால், விசில் 0.15 செகண்ட் தாமதமாகக் கேட்கும், அதாவது 30 ஃப்ரேம் டைம்லைனில் நான்கைந்து ஃப்ரேம். கிக்-ஆஃபில் பந்தைக் கால் தொடும் ஃப்ரேமைக் கண்ணால் பார்த்து ஒட்டுங்கள். போகப்போகச் சத்தமும் படமும் விலகினால், போன் ஃப்ரேம் ரேட்டை ஏற்றி இறக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு ஒரே சீரான ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கோல் கிளிப்பைப் பந்து வலைக்குள் போகும் இடத்தில் தொடங்காதீர்கள், மூன்று பாஸ் முன்னால் போங்கள். அப்புறம் கோல் பக்கக் கேமராவில் அதே கோலைப் பாதி வேகத்தில் காட்டுங்கள். 60 ஃப்ரேமில் எடுத்ததை 30 ஃப்ரேம் டைம்லைனில் போட்டால் பாதி வேகம் இழுக்காமல் வரும். சினிமாப் பாட்டு வேண்டாம், யூடியூபில் காப்பிரைட் பிடிக்கும். அதோடு, ஜனங்கள் கத்துகிற சத்தத்தைவிட எந்தப் பாட்டும் பொருந்தாது.

படி 9: வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்

அடுத்த மேட்சில் நோட்டு எழுதியவர் கேமராவுக்கு, கேமராக்காரர் எடிட்டிங்குக்கு. தான் எடுத்த ஆட்டத்தைத் தானே வெட்ட உட்காரும்போதுதான், அங்கே ஏன் ஜூம் செய்தோம் என்று நொந்துகொள்வார். அடுத்த வாரம் அவர் கை ஜூம் பக்கம் போகாது.

லைவ் ஒளிபரப்பு ஆசை இதற்கு அப்புறம் வரட்டும். போனிலிருந்து யூடியூப் லைவ் போக 50 சப்ஸ்கிரைபராவது வேண்டும். 720பி அனுப்ப செகண்டுக்கு 4 மெகாபிட் (Mbps) அப்லோட் வேகம் நிலையாகக் கிடைக்க வேண்டும். முந்தின ஞாயிறு, கூட்டம் நிறைந்திருக்கும் அதே நேரத்தில் கிரவுண்டில் நின்று சோதியுங்கள். காலியான கிரவுண்டில் வரும் வேகத்தை நம்ப முடியாது.

முழு மேட்ச் வீடியோவை வெட்டாமல் இரண்டு கோச்சுக்கும் ஒரு பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள். ஹைலைட்ஸைப் பையன்கள் ஸ்டேட்டஸில் வைப்பார்கள். கோச்சுக்கு வேண்டியது டிஃபென்ஸ் எங்கே ஓட்டை விட்டது என்பது, அது முழு வீடியோவில்தான் தெரியும். அடுத்த டோர்னமென்ட்டுக்கு டாடா ஏஸை அவரே ஏற்பாடு செய்துவிடுவார்.