இறாக்கையை அகற்றுமுன்: நூலகத்தில் குழுப்படிப்புக்கு இடம் எடுப்பது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு போடிங் அறையில் கட்டிலையும் அலுமாரியையும் போட்டால் மேசைக்கு இடம் மிஞ்சாது. கம்பஸ் நூலகத்தில் கதிரை தேடி மாணவர்கள் அலைவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களுக்கு இடம் ஒதுக்க நினைக்கும் நூலகர் தளபாடக் கடைக்குப் போகுமுன் ஆட்களை எண்ண வேண்டும்.

சாதாரண வாரம் ஒன்று, பரீட்சைக்கு முந்திய வாரம் ஒன்று. மணிக்கொரு தடவை சுற்றிவந்து தனியாக இருப்போர், குழுவாக இருப்போர், பை மட்டும் இருக்கும் கதிரை என்று மூன்றாகக் குறியுங்கள். மூன்றாவது எண் பெரிதானால் புதுக் கதிரை தேவையில்லை; அரை மணிக்கு மேல் ஆளில்லாத பையை எடுத்துவைக்கும் விதி போதும்.

அடுத்து, இறாக்கையை அகற்றித்தான் இடம் எடுக்க வேண்டுமென்றால் எந்த நூல்களை நகர்த்துவது? கோஹா என்ற நூலக மென்பொருளில் ஐந்து ஆண்டாக இரவல் போகாதவற்றின் பட்டியலை எடுத்து அப்படியே நம்பிவிடுவார்கள். பொல்லாத பட்டியல் அது. உள்ளேயே வாசித்து மேசையில் விட்டுப்போகும் நூலெல்லாம் அதில் பயன்படாததாகிவிடும். ஆகவே அந்த இரண்டு வாரமும் மேசையில் கிடப்பவற்றை அடுக்குமுன் பார்கோடை ஸ்கேன் செய்து உள்ளகப் பாவனையாகப் பதியுங்கள். தமிழ்மொழிமூல நூல்களை இரவல் கணக்குப் பார்த்துக் கழிக்கவே வேண்டாம். பல மறுபதிப்புக் காணாதவை. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத் தமிழ் நூல் சேகரத்தில் தேடிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அந்தப் பிரதி களஞ்சியத்துக்குப் போகட்டும், பழைய பேப்பர்காரருக்கு அல்ல.

மிஞ்சும் இறாக்கைகளை வெளிச்சுவரோடு ஒட்டாதீர்கள், 10 செ.மீ. விடுங்கள். சாரீரப்பதன் (காற்றிலுள்ள ஈரத்தின் அளவு) 65 சதவீதத்தைத் தாண்டிக் காற்றும் ஓடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இரவில் ஏசியை நிறுத்தினால் கொழும்பில் அந்த அளவு எளிதில் தாண்டும். குழுப்பகுதிக்கும் அமைதிப்பகுதிக்கும் நடுவே இறாக்கையை நிறுத்துவது இன்னும் நல்லது: நூல் நிறைந்திருந்தால் சத்தத்தை உறிஞ்சும். கம்பளம் போடச் சொல்வார்கள். இந்த ஈரத்தில் அது வீண்.

மேசையில் ஆளுக்கு 60 செ.மீ., சக்கர நாற்காலி போக வழி 90 செ.மீ.

மின்சாரத்தில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். ஆறு லாப்டொப் தலா 65 வாற் எடுத்தாலும் 390 வாற், 230 வோல்ற்றில் 2 அம்பியருக்கும் குறைவு. தகராறு சுமையில் இல்லை. பழைய கட்டடத்தின் உருண்டை முனைப் பிளக் பொயின்ற்றில் அடப்டர் வைத்து, அதில் எக்ஸ்டென்ஷன், அதற்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் என்று சொருகும்போது, தளர்ந்த தொடுகை சூடேறி உருகுகிறது. மேசைக்கு மூன்று இரட்டை 13 அம்பியர் சொக்கெற்றை நிரந்தரமாகப் பொருத்துங்கள். மேசை வருமுன்பே வயரிங்காரரைக் கூப்பிடுங்கள். பிறகு கூப்பிட்டால் வயர் நடைபாதைக்குக் குறுக்கேதான் ஓடும்.