கடலியல் படிக்க ஆரம்பிக்கறவங்க பண்ற தப்பு: படத்தையே கடல்னு நம்பிடறது

கடலியல்ல ஆரம்பத்துல வர்ற தப்புல பாதிக்கு மேல படத்துலேர்ந்துதான் வருது. புக்ல இருக்கற படம் பொய்னு சொல்ல வரல, ஒரு விஷயத்தை காட்டறதுக்காக இன்னொண்ணை அமுக்கியோ இழுத்தோ வரைஞ்சிருப்பாங்க, நாம அந்த இழுத்ததையும் சேர்த்து மனசுல ஏத்திக்கறோம், அப்புறம் கேள்வியை கொஞ்சம் திருப்பி கேட்டா மாட்டிக்கறோம்.

முதல்ல கடலடி குறுக்குவெட்டுப் படம். கரை, அதை ஒட்டி கண்டத்திட்டு (ஆழம் கம்மியான கடலடி), அப்புறம் திடீர்னு கிணத்துல விழற மாதிரி கண்டச்சரிவு (திட்டு முடிஞ்சு ஆழத்துக்கு இறங்கற பகுதி), கீழ சமவெளி, நடுவுல ஊசி ஊசியா மலை. நிஜத்துல அந்த கண்டச்சரிவு சராசரியா 4 டிகிரிதான், பல இடத்துல நின்னு பார்த்தா சரிவுன்னே தெரியாது. படத்துல செங்குத்து அச்சு மீட்டர்லயும் கிடை அச்சு நூத்துக்கணக்கான கிலோமீட்டர்லயும் இருக்கும், அதை யாரும் பார்க்கறதில்ல. பசிபிக்ல சுமார் 15,000 கிலோமீட்டர் அகலத்தை 30 சென்டிமீட்டர் பேப்பர்ல அளவு மாறாம வரைஞ்சு பாருங்க, 4 கிலோமீட்டர் ஆழம் 0.08 மில்லிமீட்டர் வரும், அதாவது அந்த பேப்பரோட தடிமன் கூட கிடையாது. அதனால எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதல் வேலையா ரெண்டு அச்சோட அளவையும் பார்த்துடுங்க.

அடுத்தது, கடல் நடுவுலதான் ரொம்ப ஆழம்னு எழுதறது. உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். பெருங்கடல் நடுவுல பெரும்பாலும் இருக்கறது மலைத்தொடர், உலகம் முழுக்க சுத்தி சுமார் 65,000 கிலோமீட்டர் நீளம், அதோட உச்சி பல இடத்துல 2,500 மீட்டர் ஆழத்துலயே வந்துடும், ஆனா கடலோட சராசரி ஆழம் 3,700 மீட்டர் பக்கம். ரொம்ப ஆழமான அகழிகள், அதாவது நீளமான பள்ளங்கள், எல்லாம் புவித்தட்டுகளோட (பூமியோட வெளி ஓடு உடைஞ்சு நகர்ந்துட்டு இருக்கற பெரிய துண்டுகள்) ஓரத்துல. பெரு-சிலி அகழி கரைக்கு பக்கத்துலயே கிடக்குது, இந்தப் பக்கம் ஆண்டிஸ் மலை நிக்குது. கடல்லயே ரொம்ப ஆழமான இடம், மரியானா அகழில இருக்கற சேலஞ்சர் டீப், கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர், அதுவும் தட்டு ஓரம்தான்.

இதை மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே இல்ல, காரணம் ஒண்ணே ஒண்ணு: மலைத்தொடர்ல புதுசா உருவாகற பாறை சூடா இருக்கும், சூடா இருக்கறதால உயரமா நிக்கும், விலகிப் போகப் போக ஆறி, சுருங்கி, தாழும், கடைசில இன்னொரு தட்டுக்கு அடில போயிடும். அப்படி உள்ள போயிட்டே இருக்கறதாலதான் கடலடிப் பாறை பெரும்பாலும் 20 கோடி வருஷத்துக்குள்ளயே இருக்கு, கண்டத்துல 400 கோடி வருஷப் பாறையெல்லாம் கிடைக்குது. "கடல் பழசு, அதனால கடலடியும் பழசு"ன்னு எழுதறவங்க இங்கதான் மார்க்கை விடறாங்க.

1950கள்ல மேரி தார்ப்ங்கற வரைபட நிபுணர், கப்பல்ல எடுத்த எதிரொலி அளவுகளை (ஒலி அனுப்பி, அது திரும்பி வர்ற நேரத்தை வச்சு ஆழம் கண்டுபிடிக்கறது) வச்சு கடலடியை கையால வரைஞ்சப்போ, ஒவ்வொரு கோட்டுலயும் மலை உச்சில வி வடிவத்துல ஒரு வெட்டு அதே இடத்துல வந்துட்டே இருந்துச்சு. கூட வேலை பார்த்த புரூஸ் ஹீசன் முதல்ல அதை ஒத்துக்கல, அப்புறம் ஒத்துக்க வேண்டியதாச்சு, தட்டு விலகற இடம் அதுதான். 1977ல வந்த அவங்களோட உலகக் கடலடி மேப் அவ்ளோ அழகு, ஆனா அதுலயும் மலைகளோட உயரத்தை இழுத்துத்தான் காட்டியிருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும்.

இப்போ நீரோட்டம். இதுல எல்லாரும் தடுக்கி விழற இடம் பெரு கரை. அங்க ஏன் அடில இருக்கற குளிர்ந்த தண்ணி மேல வருதுன்னு கேட்டா, "காத்து கரைலேர்ந்து கடலை நோக்கி அடிக்குது, தண்ணியைத் தள்ளுது"ன்னு எழுதிடுவாங்க. காத்து அங்க பெரும்பாலும் கரைக்கு இணையா, தெற்குலேர்ந்து வடக்கா அடிக்குது. பூமி சுத்தறதால காத்து இழுக்கற மேலடுக்கு மொத்தமா சேர்ந்து காத்துக்கு 90 டிகிரி திரும்பித்தான் நகரும், வட அரைக்கோளத்துல வலது பக்கம், தென் அரைக்கோளத்துல இடது பக்கம். காத்து வடக்க போகுது, அதுக்கு இடது எது? மேற்கு. மேற்குல என்ன இருக்கு? திறந்த கடல். மேல இருந்த தண்ணி கரையை விட்டு விலகினதும் அந்த இடத்தை நிரப்ப கீழேர்ந்து வருது, ஊட்டச்சத்தோட வருது, மீன் குவியுது. 1893-96ல நார்வே ஆய்வாளர் நான்சன் ஃப்ராம் கப்பல்ல ஆர்க்டிக் பனியோட மிதந்து போனப்போ பனி காத்து திசைலயே போகாம வலது பக்கமா ஒதுங்கறதைப் பார்த்தார், 1905ல எக்மன்ங்கற கடலியலாளர் அதுக்கு கணக்கு போட்டார். இதுல இன்னும் ரெண்டு குழப்பம் உண்டு. புக்ல 45 டிகிரின்னும் ஒரு திருப்பம் வரும், அது அந்தக் கணக்குப்படி மேற்பரப்புத் தண்ணிக்கு மட்டும், 90 டிகிரிங்கறது மொத்த அடுக்குக்கும், ரெண்டையும் கலக்காதீங்க. அப்புறம் "அடிலேர்ந்து"ன்னா கடல் தரைலேர்ந்துன்னு அர்த்தம் இல்ல, வர்ற தண்ணி பெரும்பாலும் ஒரு சில நூறு மீட்டருக்குள்ள இருந்துதான்.

பூமி சுத்தறதால வர்ற இந்தத் திருப்பத்துக்குப் பேர்தான் கோரியோலிஸ் விளைவு. அது எதையும் ஓட வைக்காது, ஓடறதை திருப்பும், அவ்ளோதான். வாஷ்பேசின் தண்ணி சுத்தறதுக்கு அதைக் காரணம் சொல்றதையும் விட்டுடுங்க.

சிவப்பும் நீலமுமா ரிப்பன் மாதிரி உலகத்தை சுத்தி வர்ற "கன்வேயர் பெல்ட்" படம் எனக்கு சுத்தமா பிடிக்காது. அதைப் பார்த்துட்டுத்தான் "கல்ஃப் ஸ்ட்ரீம் (அமெரிக்காவோட கிழக்குக் கரையை ஒட்டி வடக்க போற வெதுவெதுப்பான நீரோட்டம்) நின்னுடும்"னு எழுதறாங்க. கல்ஃப் ஸ்ட்ரீமை முக்கியமா ஓட்டறது காத்தும் பூமியோட சுழற்சியும், அது ரெண்டும் இருக்கற வரைக்கும் அது முழுசா நிக்காது. பலவீனமாகலாம்னு விஞ்ஞானிகள் கவலைப்படறது அட்லாண்டிக்ல மேல கீழ புரண்டு போற சுழற்சி, அதுல தண்ணி வடக்க குளிர்ந்து, அடர்த்தியாகி, மூழ்கணும். மூழ்கறதுன்னதும் 4 டிகிரில அடர்த்தி அதிகம்னு எழுதிடாதீங்க, அது நல்ல தண்ணிக்கு. சாதாரண கடல் தண்ணி, கிலோவுக்கு 35 கிராம் உப்பு இருக்கறது, உறையற வரைக்கும், அதாவது சுமார் மைனஸ் 1.9 டிகிரி வரைக்கும் அடர்த்தி கூடிட்டேதான் போகும்.

சுனாமியை சுருண்டு விழற ராட்சத அலையா வரையறதும் அதே கதைதான். 4,000 மீட்டர் ஆழத்துல அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்துல போகும், ஆனா உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்ளதான், நீளம் நூறு கிலோமீட்டருக்கு மேல, மேல போற கப்பலுக்கு தெரியக்கூட தெரியாது.

உயிரினம் பக்கம் வந்தா, கண்ணாடி மாதிரி தெளிவா நீலமா இருக்கற கடல்ல உயிர் அதிகம்னு நினைக்கறது போட்டோவால வர்ற தப்பு. அந்த தெளிவுக்கு காரணமே மிதவைத் தாவரங்கள் கம்மியா இருக்கறதுதான். மிதவை உயிரின்னா கண்ணுக்கே தெரியாததுன்னும் இல்ல, நீரோட்டத்தை எதிர்த்துப் போக முடியாததெல்லாம் அந்தக் கணக்குதான், பெரிய ஜெல்லிமீன் உட்பட. "நாம சுவாசிக்கற ஆக்ஸிஜன்ல பாதி கடல் தருது"ங்கறதுலயும் ஒரு ஓட்டை இருக்கு: உலகத்துல நடக்கற ஒளிச்சேர்க்கைல ஏறக்குறைய பாதி கடல்ல நடக்குது, சரி, ஆனா அந்த ஆக்ஸிஜனோட பெரும்பகுதியை கடல்ல இருக்கற உயிர்களே செலவு பண்ணிடுது.

கடைசியா கடலடில சூடான தண்ணி பீறிட்டு வர்ற வெந்நீர் ஊற்று. 1977ல கலாபகஸ் பக்கத்துல சுமார் 2,500 மீட்டர் ஆழத்துல கண்டுபிடிச்சாங்க, அதுலேர்ந்து எல்லாரும் "சூரியனே தேவையில்லாத உயிர்கள்"னு எழுதறாங்க. அங்க இருக்கற குழாய்ப் புழுவைப் பாருங்க. வாயும் கிடையாது குடலும் கிடையாது, சிவப்பா நீட்டிட்டு இருக்கற பகுதில ஹீமோகுளோபின் இருக்கு, அது ஹைட்ரஜன் சல்ஃபைடையும் ஆக்ஸிஜனையும் சேர்த்து உள்ள இருக்கற பாக்டீரியாவுக்கு கொண்டு போகுது. அந்த ஆக்ஸிஜன் எங்கேர்ந்து வந்துச்சு? மேல வெளிச்சத்துல நடந்த ஒளிச்சேர்க்கைலேர்ந்து, துருவத்துப் பக்கம் மூழ்கின குளிர்ந்த தண்ணியோட இறங்கி வந்துச்சு. ஆக்ஸிஜனே தொடாம ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்ஸைடையும் வச்சு மீத்தேன் பண்ணி பொழைக்கற நுண்ணுயிர்களும் அங்க இருக்கு, சூரியன் தேவையில்லைன்னு எழுதியே ஆகணும்னா புழுவை விட்டுட்டு அதுங்களை எழுதுங்க.