நாயின் உடலில் உண்ணி தேடும்போது

கன்னி, சிப்பிப்பாறை நாய்களுக்கு முடி குட்டைதானே என்று முதுகை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். காது மடலின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, வாலின் அடி ஆகிய இடங்களில்தான் உண்ணி ஒளிந்திருக்கும். இரத்தம் குடித்த பெண் உண்ணி ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் உப்பியிருக்கும். அதைத் தோலை ஒட்டிச் சாமணத்தால் பற்றி, முறுக்காமல் நேராக இழுத்து, நகத்தால் நசுக்காமல் ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போடுங்கள். மண்ணெண்ணெய் பூசும் பழக்கம் வேண்டவே வேண்டாம், தோல் புண்ணாகிவிடும். கீழே விழுந்த ஒரே உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், நாய் படுக்கும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈறு வெளுத்து, தீனி எடுக்காமல் நாய் சோர்ந்திருந்தால், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்; திருநெல்வேலி அருகேயுள்ள இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அன்றே கொண்டு செல்லுங்கள்.