டைனமோ கழற்றி ஆல்டர்னேட்டர் போடும்போது வயரிங்கையும் மீட்டரையும் என்ன செய்வது?

பழைய அம்பாசிடர், வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற கார்களில் பாட்டரியைச் சார்ஜ் செய்ய லூகாஸ் டைனமோதான் இருந்தது. சி40 ரகம் முழு வேகத்தில் 22 ஆம்பியர் தரும்; ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகும் பாட்டரி இறங்குகிறது என்றால் குறை பெரும்பாலும் ஆல்டர்னேட்டரில் இருக்காது. 22 ஆம்பியருக்கு இழுத்த வயர் வழியே ஆல்டர்னேட்டரின் 45 ஆம்பியர் ஓடுவதுதான் காரணம்.

முதலில் எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பாட்டரியின் பிளஸ் முனை பாடியில் கட்டியிருந்தால் அது பாசிட்டிவ் எர்த் வண்டி. அப்படியே ஆல்டர்னேட்டரை மாட்டினால் உள்ளே கரண்ட்டை ஒரே திசையில் விடும் டையோடுகள் அந்த நொடியே போய்விடும். பாட்டரியைத் திருப்பி நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். பிளஸ் முனை சற்றுப் பருமன் என்பதால் கிளாம்ப் இரண்டும் புதிதாக வேண்டும். இக்னிஷன் காயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றுங்கள். மைனஸ் பக்கம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் இணைப்பைக் கழற்றி வையுங்கள். லைட், ஹாரனுக்கு எந்த எர்த்தும் ஒன்றுதான்.

வாங்க வேண்டியவை: 10 ஸ்கொயர் எம்எம் ஆட்டோ வயர் 3 மீட்டர், அதற்கேற்ற செம்பு லக் (வயர் நுனியில் போல்ட்டுக்காக மாட்டும் வளையம்), 60 ஆம்பியர் போல்ட் ஃபியூஸ் ஹோல்டரோடு, 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, எஞ்சினுக்கும் பாடிக்கும் பின்னல் எர்த் பட்டை, ஹீட் ஸ்லீவ், ரப்பர் குரோமெட், வோல்ட் மீட்டர். வீட்டு வயரிங் வயரை இங்கே இழுக்காதீர்கள். எஞ்சின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் அதன் உறை தாங்காது.

வயர் பருமனில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? டைனமோவின் பழைய தடித்த வயர் சுமார் 3.2 ஸ்கொயர் எம்எம். 2.5 மீட்டர் நீளத்தில் 45 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 0.6 வோல்ட் போய்விடும். துருப்பிடித்த இணைப்புகள் தின்பது தனி. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் தன் முனையில் 14.2 வோல்ட்டைப் பார்த்துத் திருப்தியாகிவிடும், பாட்டரிக்கு 13.4 கூட வந்து சேராது. மாதக்கணக்கில் இப்படி அரைச் சார்ஜில் கிடந்தால் பாட்டரித் தகட்டில் சல்ஃபேட் படியும். 10 ஸ்கொயர் எம்எம் போட்டால் அதே தூரத்தில் இழப்பு 0.2 வோல்ட்தான்.

பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலிருந்து (கரண்ட் வெளிவரும் முனை) புது வயரை நேராக செல்ஃப் சோலனாய்டில் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) பாட்டரி வயர் வரும் போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். 60 ஆம்பியர் ஃபியூஸ் சோலனாய்டு பக்கத்தில் இருக்க வேண்டும். வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் ஆபத்து ஆல்டர்னேட்டரிடமிருந்து அல்ல, நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடிய பாட்டரியிடமிருந்துதான். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள். சால்டரிங் மட்டும் நம்பினால் ஈயம் முடியும் இடத்தில் வயர் அதிர்வில் ஒடியும்.

அடுத்தது கட்-அவுட் பெட்டி, அதாவது டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பெட்டி. ஆர்பி106 ரகத்தில் ஏ, ஏ1, எஃப், டி, இ என ஐந்து முனைகள். துணி சுற்றிய வயர்களில் நிறம் மங்கியிருக்கும்; ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் உறுதிசெய்து சீட்டு ஒட்டுங்கள். எல்லா வயர்களையும் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். ஏ, ஏ1 முனைகளின் வயர்களைப் பெட்டிக்கு வெளியே லக் போட்டு ஒரே போல்ட்டில் சேர்த்து, ஸ்லீவ் மூடுங்கள். பெட்டிக்குள்ளேயே பாலம் போட்டு விடுவது வழக்கம். அது வேண்டாம், உள்ளே இருக்கும் காயில் சுற்றுகள் அந்தக் கரண்ட்டுக்கானவை அல்ல. டி முனையில் இரண்டு வயர் இருக்கும். தடித்தது டைனமோவுக்குப் போவது; அதை நீக்குங்கள், அல்லது இரு முனையையும் மூடிக் கட்டுங்கள். மெல்லியது டேஷ்போர்டு சார்ஜ் லாம்புக்குப் போவது. அதை எஃப்பின் மெல்லிய வயரோடு சேர்த்தால், அந்த வயரின் டைனமோ பக்க முனை இப்போது ஆல்டர்னேட்டரில் சார்ஜ் லாம்புக்கான முனைக்குப் பயன்படும். காலிப் பெட்டியை அழகுக்காக அப்படியே விடலாம்.

அந்தச் சார்ஜ் லாம்ப் வெறும் அறிவிப்பு விளக்கு அல்ல. ஆல்டர்னேட்டர் எழும்பத் தேவையான முதல் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. 2.2 வாட் பல்ப் போடுங்கள். எல்இடி வேண்டுமென்றால் பக்கத்தில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் இணையாகச் சேர்க்க வேண்டும். பல்பே இல்லாமல் இக்னிஷனிலிருந்து நேராக வயர் கொடுத்தால், சாவியைத் திருப்பி அணைத்தும் எஞ்சின் நிற்காமல் ஓடலாம்.

ஆம்பியர் மீட்டரைக் கைவிடுங்கள் என்பதே எங்கள் தீர்மானம். அதன் அளவு 30 ஆம்பியரோடு முடிகிறது. வண்டியின் மொத்தக் கரண்ட்டும் டேஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு சிறு நட்டுகள் வழியே போகிறது. நட்டு தளர்ந்தால் சூடேறி உறை உருகும். சார்ஜ் வயரைச் சோலனாய்டுக்கு மாற்றிய பிறகு அது காட்டுவது பொய்க்கணக்கும்கூட, எப்போதும் டிஸ்சார்ஜ் பக்கமே நிற்கும். மீட்டரின் இரு வயர்களையும் ஒரே போல்ட்டில் இறுக்கி மூடுங்கள். சோலனாய்டிலிருந்து இந்தப் பழைய வயர் கிளம்பும் இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது.

வோல்ட் மீட்டரை இக்னிஷன் போட்டால் உயிர்பெறும் பச்சை வயரிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியே கொடுங்கள். பழைய சுவிட்ச் 0.3 வோல்ட் வரை தின்னும், முள் கொஞ்சம் குறைத்துக் காட்டும். எஞ்சின் நிறுத்தி சில மணி நேரம் கழித்து 12.6 இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.4. 14.8 தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, பாட்டரித் தண்ணீர் வற்றும்.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒருசேர அதிகமாகக் காட்டினால் அவற்றுக்கு 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அதன் தகரக்கூடு எர்த் ஆகாவிட்டால் முழு 14 வோல்ட்டும் மீட்டருக்குப் போகும். எலக்ட்ரானிக் 7810 சிப் போடலாம், நெகட்டிவ் எர்த் வண்டியில் மட்டும்.

கண்ணாடி ஃபியூஸ் வாங்கும்போது ஒரு கவனம். லூகாஸ் 35 ஆம்பியர் என்று எழுதியது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17தான். இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸை அங்கே போட்டால் வயர் முதலில் எரியும்.

பெல்ட்டை நடுவில் அழுத்தினால் 12 மில்லிமீட்டர் இறங்கட்டும். பெல்ட் ஓடும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். எர்த் பட்டை உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டுங்கள்.

கடைசியில் ஹெட்லைட் போட்டு, 2000 ஆர்பிஎம்மில் மல்டிமீட்டர் வையுங்கள். பி பிளஸ் போல்ட்டுக்கும் பாட்டரி பிளஸ்ஸுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் லக்கில் குறை. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பாட்டரி மைனஸ்ஸுக்கும் இடையே 0.2க்கு மேல் இருந்தால் எர்த்தில் குறை. சாவி போட்டும் லாம்ப் எரியவில்லையென்றால் பல்ப் அல்லது மெல்லிய வயர். ஓடும்போது மங்கலாக எரிந்தால் டையோடு சந்தேகம். சாவியை எடுத்த பிறகும் எரிந்தால் டையோடு ஷார்ட். உடனே பாட்டரியைக் கழற்றுங்கள். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க ஓடும் எஞ்சினில் பாட்டரி முனையைக் கழற்றும் டைனமோ காலத்துப் பழக்கம் இனி கூடாது. வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரையே பலி வாங்கும். பாடியில் வெல்டிங் வைக்கும் நாளில் பி பிளஸ் வயரையும் கழற்றச் சொல்லிவிடுங்கள்.