மில்லுக்குப் போன அப்பாவை எழுதுவது எப்படி

சென்னையில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அப்பா என்னைப் பார்க்க வந்தார். வராந்தாவில் துறைத் தலைவர் எதிரே வந்தபோது, "எங்கப்பா. கோயமுத்தூர்ல ஒரு மில்லுல சூப்பர்வைசரா இருந்தார்" என்றேன். அப்பா சூப்பர்வைசராக இருந்ததே இல்லை. இருபத்தாறு வருடம் ரிங் பிரேம் என்ற நூல் நூற்கும் இயந்திரத்தை ஓட்டியவர். மில்லில் அந்த வேலைக்கு சைடர் என்று பெயர். நான் சொன்னதைக் கேட்டு அவர் எதுவும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

உழைத்துப் படிக்க வைத்த அப்பாவைப் பற்றி எழுத நினைப்பவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று என்னிடம் கேட்பதுண்டு. அவரைப் பற்றி நீங்கள் சொன்ன பொய்யிலிருந்து தொடங்குங்கள். லாரி ஓட்டியவரை டிரான்ஸ்போர்ட் பிசினஸ் என்றிருப்பீர்கள், கல்யாணச் சமையலுக்குப் போனவரை கேட்டரிங் என்றிருப்பீர்கள். எந்த இடம், யார் முன்னால், என்ன சொன்னீர்கள், அப்பா பக்கத்தில் இருந்தாரா என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அச்சுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. உங்களுக்கும் அவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விழுந்திருக்கிறது என்று அந்தப் பக்கம் காட்டிவிடும்.

அடுத்தது டிரங்குப் பெட்டி. எங்கள் வீட்டில் அது கட்டிலுக்கு அடியில் இருந்தது. இ.எஸ்.ஐ. கார்டு, பி.எப். சீட்டு, சம்பளச் சீட்டு, நகை அடகு ரசீது, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். தொகைகளை அப்படியே எழுதுங்கள். "சொற்பச் சம்பளம்" என்று எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். என் காலேஜ் அட்மிஷன் நடந்த மாதத்தில் அம்மாவின் வளையல் அடகு ரசீது இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதற்கு மேல் ஒரு வாக்கியமும் சேர்க்காமல் விட்டேன்.

காகிதத்திலிருந்து ஞாபகமும் வரும். பள்ளிக்கூடத்தில் தசமம் சொல்லிக்கொடுக்கும் முன்பே எனக்கு ஒரு தசம எண் தெரியும்: எட்டு புள்ளி மூன்று மூன்று. அப்போது நடப்பில் இருந்த 1965ஆம் வருட போனஸ் சட்டப்படி ஒரு தொழிலாளிக்குக் கொடுத்தே ஆக வேண்டியிருந்த குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. உச்சவரம்பு 20. தீபாவளிக்கு முன்னால் எங்கள் லைன் வீடுகளில் ஒரே பேச்சுதான், "இந்த வருசம் எத்தன பர்சன்ட்டுங்க?" அந்த எண்ணைப் பொறுத்துத்தான் எனக்குப் பாவாடைத் துணியா, பட்டுப் பாவாடையா என்பது முடிவாகும். எந்த வேலையாக இருந்தாலும் இப்படி ஒரு எண் இருக்கும். மீன்பிடித் தடைக்கால நாட்கள், ஆயிரம் பீடிக்கு எவ்வளவு, ஒரு லோடுக்கு எத்தனை மூட்டை. உங்கள் வீட்டு எண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அப்பாவின் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று தெரியும், என்ன செய்தார் என்று தெரியாது. என் முதல் வரைவில் "அப்பா இயந்திரங்களுக்கு நடுவே வியர்வை சிந்தினார்" என்று எழுதியிருந்தேன். அது யாருடைய அப்பாவாகவும் இருக்கலாம். அப்புறம் ஒரு நாள், "பீஸிங் எப்படிப் போடுவீங்க?" என்று மட்டும் கேட்டேன். அறுந்த நூலை ஒட்டுவதுதான் பீஸிங். "கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டிருந்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முடித்திருப்பார். எப்படி என்று கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

நூல் அறுந்தால் ரிங் பிரேமை நிறுத்த மாட்டார்கள். ஸ்பிண்டில் என்ற நூற்கும் கதிர்கள் மற்றவையெல்லாம் சுழன்றுகொண்டேயிருக்க, அறுந்த ஒன்றை மட்டும் முழங்காலால் பிரேக்கை அழுத்தி நிறுத்த வேண்டும். நூல் சுற்றிய பாபினை உருவி நூல் நுனியைத் தேடி எடுத்து, வளையத்தின் விளிம்பில் ஓடும் டிராவலர் என்ற சின்னக் கொக்கிக்குள் விட்டு, பாபினைத் திரும்பச் செருகி, நுனியை மேலே கொண்டுபோய் முன் ரோலரிலிருந்து வழியும் பஞ்சோடு சேர்க்க வேண்டும். பிரேக்கை விட்டதும் முறுக்கு ஏறி இரண்டும் ஒன்றாகிவிடும். அப்பா இதைச் சில நொடிகளில் செய்துவிட்டு அடுத்த அறுந்த நூலுக்கு நகர்ந்துவிடுவாராம். ஷிப்ட் முழுக்க நடை. அவருடைய பேன்ட்டுகள் ஏன் ஒரே முட்டியில் தேய்ந்திருந்தன என்று எனக்கு நாற்பது வயதில்தான் புரிந்தது.

நீங்கள் கூச்சப்பட்ட விஷயங்களுக்கும் பல நேரம் அந்த வேலைதான் காரணமாக இருக்கும். அப்பா சத்தமாகப் பேசுவார். ஹாஸ்டலுக்கு அவர் போன் செய்தால் பக்கத்தில் நிற்கும் பெண்களுக்கும் கேட்கும். "ஏம்ப்பா இப்படிக் கத்துறீங்க?" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அம்மாவே பேசினாள். ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில்கள் ஒரே நேரத்தில் சுழலும் கூடத்தில் கையசைவும் உதட்டசைவும்தான் பேச்சு. வருடங்கள் போகப் போகக் காதும் மந்தமாகும். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அந்த போன் காட்சியைத் திருப்பி எழுதினேன். முதல் வடிவத்தில் அவர் நாகரிகம் தெரியாத மனிதராக இருந்தார். இரண்டாவதில் காது கேட்காத ஒருவர் மகளைக் கூப்பிடுகிறார்.

நெஞ்சும் அப்படித்தான். ரிங் பிரேமுக்கு மாறும் முன் அவர் பஞ்சைச் சிக்கெடுத்துச் சுத்தம் செய்யும் கார்டிங்கில் பதிலியாக, அதாவது வராதவர்களுக்குப் பதிலாக வேலை பார்ப்பவராக இருந்தவர். வார லீவு முடிந்து போகும் முதல் நாள் நெஞ்சைப் பிடிக்கும் என்பார். வேலைக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்று அம்மா நினைத்தாள். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயின் அடையாளமே அதுதான்: ஓய்வுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் நாளில் மூச்சு முட்டும். அவருடைய வாக்கியத்தை எழுதுங்கள், பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்.

குடும்பம் அந்த ஊருக்கு எப்படி வந்தது என்பதையும் விசாரியுங்கள். கோயமுத்தூரில் முதல் மில் 1888இல் வந்தது. ஆனால் மில்கள் பெருகியது 1930களில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு. என் தாத்தா மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு மில் கேட்டில் வந்து நின்றது அந்த அலையில்தான். சாதியையும் விட்டுவிடாதீர்கள். யார் வீட்டுத் திண்ணை வரைக்கும் போனோம், யார் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை விட்டுவிட்டு வர்க்கத்தை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியிருப்பீர்கள்.

மொழியில்தான் நான் அதிகம் தடுமாறினேன். நம் எழுத்துத் தமிழ் அப்பாவிடமிருந்து வந்ததல்ல, பள்ளிக்கூடம் கொடுத்தது. "பாவம்", "வெள்ளந்தி", "தியாகம்", "படிக்காத மேதை" ஆகிய சொற்கள் வரைவில் வந்த இடங்களையெல்லாம் சிவப்பில் வட்டமிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதிலாக அவர் செய்த ஒரு காரியத்தை வைத்தேன். அவர் பேச்சை உங்கள் தமிழுக்கு மாற்றாதீர்கள். என் அப்பா "பரவாயில்லை" என்று சொன்னதே கிடையாது, "போச்சாது அம்மணி" என்றுதான் சொல்வார். அதே சமயம் ஒவ்வொரு வரியிலும் வட்டார வழக்கைத் தூவினால் அவர் காட்சிப் பொருளாகிவிடுவார். நிஜமாகக் காதில் நிற்கும் நாலு வாக்கியம் போதும்.

உங்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், ஆனால் மன்னிப்புக் கேட்டே பக்கத்தை நிரப்பாதீர்கள். நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத மூன்று பக்கங்களில் அப்பா ஒரு வரியில்கூட இல்லை. மூன்றையும் எடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் என்று சொன்னேன், அவர் துண்டைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான் வைத்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். அடகு ரசீதைச் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, கடைக்காரர் பேரை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன்.

கடைசியாக, அப்பா இருந்தால் அவருக்கே படித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு. நான் ஒரு நாள் சாயங்காலம், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் சத்தமாகவே படித்தேன். கல்லூரி வராந்தா வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது. "கேக்கலை, சத்தமாப் படி" என்றார். திரும்பப் படித்தேன். "ம்" என்றார். பீஸிங் வந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். வலது முழங்கால் என்று எழுதியிருந்தேன்.

"எடது கால் அம்மணி."

ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து, இடது முட்டியைச் சுவரில் அழுத்திக் காட்டினார். பேனாவை எடுத்துத் திருத்தினேன். "சரி, மேல படி" என்று மறுபடி உட்கார்ந்துகொண்டார்.